விசுவாசப் பிரமாணத்துல பிலாத்துக்கு என்ன வேலை?

போன கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு என்கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் வந்திருந்தான். இந்து வீட்டுப் பையன், கேரல் பாட்டு கேக்கலாம், அப்புறம் கேக் சாப்பிடலாம்னு வந்தவன். நடுவுல எல்லாரும் டக்குனு எழுந்து நின்னு ஒரே மூச்சுல ஏதோ ஒப்பிக்கவும் அவனும் எழுந்து நின்னுட்டு பேந்தப் பேந்த முழிச்சான். வெளிய வந்ததும் முதல் கேள்வி, "அண்ணே, அந்த பொந்தியு பிலாத்து யாருண்ணே? ஏசு பேரு வருது, மரியம்மா பேரு வருது, மூணாவதா இவரு பேருதான் வருது, பெரிய மகானா?"

"மகானா! அவன்தான்டா ஏசுவ சிலுவையில அறையச் சொல்லி உத்தரவு போட்ட கவர்னர்."

"அப்புறம் எதுக்குண்ணே வாராவாரம் அவரு பேர சொல்றீங்க?"

சின்ன வயசுல இருந்து மனப்பாடமா சொல்லிட்டு இருக்கேன், தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன், ஆனா இந்தக் கேள்விக்கு என்கிட்ட ஒரு வரி பதில் இல்ல. அப்புறம் உக்காந்து கொஞ்சம் படிச்சதுல இருந்து எனக்குப் புரிஞ்சத எழுதுறேன். சர்ச்சுக்கு போறவங்களும் படிக்கலாம், போகாதவங்களும் படிக்கலாம், பிரசங்கம் எதுவும் கிடையாது.

முதல்ல எத பத்தி பேசுறோம்னு சொல்லிடுறேன். கிறிஸ்தவங்க தாங்க என்ன நம்புறோம்ங்கிறத சுருக்கி வச்சிருக்கிற பழைய வாசகம் இது. சிஎஸ்ஐ, லுத்தரன் மாதிரி புராட்டஸ்டன்ட் ஆளுங்க "விசுவாசப் பிரமாணம்"னு சொல்லுவாங்க, ஆர்சி (ரோமன் கத்தோலிக்க) ஆளுங்க "நம்பிக்கை அறிக்கை"ன்னு சொல்லுவாங்க, ரெண்டும் ஒண்ணுதான், தமிழ்தான் வேற வேற. இதுல ரெண்டு சைஸ் இருக்கு. சின்னது அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம். பேரு அப்படி இருக்கே தவிர அப்போஸ்தலர் யாரும் உக்காந்து எழுதினது இல்ல, ஆளுக்கு ஒரு வரியா பன்னெண்டு பேர் சொன்னாங்கன்னு ஒரு கதை உண்டு, அது கதைதான். ரோமாபுரியில ஞானஸ்நானம் குடுக்கும்போது தண்ணிக்குள்ள நிக்க வச்சு "பிதாவை விசுவாசிக்கிறாயா, குமாரனை விசுவாசிக்கிறாயா, ஆவியை விசுவாசிக்கிறாயா"ன்னு மூணு கேள்வி கேப்பாங்க (பிதான்னா அப்பா, குமாரன்னா மகன், அதாவது ஏசு, ஆவின்னா பரிசுத்த ஆவி; மூணும் சேர்ந்து ஒரே கடவுள்ங்கிறது கிறிஸ்தவ நம்பிக்கை), அந்தக் கேள்வி பதில்ல இருந்து மெதுவா வளந்தது அது. பெருசு நிசேயா விசுவாசப் பிரமாணம். நற்கருணை ஆராதனையில (அப்பமும் ரசமும் குடுக்குற ஆராதனை) சொல்ற நீளமான ஒண்ணு, "ஒளியினின்று ஒளியாக"ன்னு எல்லாம் வருமே, அது. இந்தக் கட்டுரை அந்த பெருச பத்திதான், ஏன்னா சுவாரசியமான சண்டை எல்லாம் அதுலதான் இருக்கு.

சண்டைன்னுதான் சொன்னேன். இத எப்படி படிக்கணும்னா, ஒவ்வொரு வரிக்கும் "இதுக்கு எதிரா யாரு என்ன சொல்லியிருப்பா?"ன்னு கேட்டுக்கிட்டே படிக்கணும். வயலுக்கு நடுவுல யாரும் வேலி போட மாட்டாங்க, மாடு எந்தப் பக்கம் பூந்துச்சோ அந்தப் பக்கம்தான் போடுவாங்க. இந்த வாசகம் முழுக்க அப்படிப்பட்ட வேலிதான். அதனாலதான் ஏசு சொன்ன உவமைகள், செஞ்ச அற்புதங்கள், மலைப் பிரசங்கம், "பிறனை நேசி" எதுவுமே இதுல இல்ல, பிறந்தார்னு சொன்ன உடனே நேரா சிலுவைக்கு தாவிடும். எனக்கு ரொம்ப நாளா இது ஒரு குறையாவே பட்டுச்சு, இவ்வளவு முக்கியமானத விட்டுட்டாங்களேன்னு. அந்த விஷயத்துல இவங்களுக்குள்ள சண்டை வரல, அதனால வேலியும் வரல, அவ்வளவுதான்.

பெரிய மாடு எதுன்னா ஆரியுஸ். (ஆரியர் திராவிடர் மேட்டர் இல்லைங்க, இது ஒரு மனுஷனோட பேரு. ஆரியனிசம்னு தேடினா நம்மாளுங்களுக்கு வேற என்னென்னமோ வந்து நிக்கும்.) எகிப்துல அலெக்சாண்டிரியா நகரத்துல ஒரு சபையில குருவா இருந்தவர். கெட்டவர்னு நினைச்சுடாதீங்க, நல்லா படிச்சவர், எளிமையா வாழ்ந்தவர், நல்லா பேசுவார், தன்னோட கருத்தையெல்லாம் பாட்டா கட்டி விட்டார், கப்பல்காரங்களும் மாவு அரைக்கிறவங்களும் பாடுற மாதிரி மெட்டு போட்டு விட்டார்னு பழைய சரித்திரத்துல இருக்கு. அவரோட கவலை நியாயமான கவலைதான்: கடவுள் ஒருத்தர்தானே, அவருக்கு ஆரம்பம் கிடையாதே, அப்போ "மகன்"னு ஒருத்தர் இருந்தா அவரு அப்பாவுக்கு அப்புறம்தானே வந்திருக்கணும்? அதனால மகன் ரொம்ப ரொம்ப உயர்ந்தவர்தான், மத்த எல்லாத்தையும் விட முந்தினவர்தான், ஆனாலும் கடவுள் படைச்ச முதல் படைப்பு, "அவர் இல்லாத ஒரு காலம் இருந்துச்சு" அப்படின்னார். கையில வசனமும் வச்சிருந்தார். "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்"னு ஏசுவே சொல்றாரே யோவான் 14ல, அத என்ன பண்ணுவீங்கன்னு கேட்டார்.

அந்த ஊர் பிஷப் அலெக்சாண்டர் இத ஒத்துக்கல. அவருக்குக் கீழ டீக்கனா (குருவுக்கு அடுத்த படி ஊழியர்) இருந்த அத்தனாசியுஸ்னு ஒரு இளைஞன் சுத்தமா ஒத்துக்கல. அத்தனாசியுஸ் பிற்பாடு எழுதினதோட சாரம் என்னன்னா, படைக்கப்பட்ட ஒருத்தர் நம்மள மாதிரி படைக்கப்பட்டவங்கள கடவுள்கிட்ட கொண்டு சேர்க்க முடியாது. நம்மூர் பாஷையில சொன்னா, கிணத்துல விழுந்து கிடக்குறவன அதே கிணத்துக்குள்ள கிடக்குற இன்னொருத்தன் எப்படி தூக்கி விடுவான்? மேல நிக்கிறவர் இறங்கி வரணும். இன்னொண்ணும் கேட்டார், மகன் படைப்புன்னா அவர நோக்கி ஜெபம் பண்றோமே, அப்போ நாம கும்பிடுறது படைப்பையா? இந்தக் கேள்விக்கு ஆரியுஸ் பக்கம் உருப்படியான பதில் இருந்த மாதிரி எனக்குத் தெரியல.

இது ஒரு ஊரோட நின்னிருந்தா இன்னைக்கு நாம பேசிட்டு இருக்க மாட்டோம். அப்போதான் கான்ஸ்டன்டைன் ரோம சாம்ராஜ்யம் முழுக்க ஒரே ராஜா ஆகியிருந்தார். கிறிஸ்தவங்கள தேடித் தேடி கொன்ன காலம் முடிஞ்சு பத்து பன்னெண்டு வருஷம்தான் ஆகியிருந்துச்சு, இவரு அவங்களுக்கு ஆதரவு குடுத்தவரு. சாம்ராஜ்யத்த ஒட்ட வைக்க இந்த மதம் உதவும்னு பாத்தா இவங்களே ரெண்டா பிரிஞ்சு அடிச்சுக்கிறாங்க, அவருக்கு கடுப்பு. இது ஒரு சின்ன விஷயம், இதுக்குப் போய் சண்டை போடுறீங்களேன்னு ரெண்டு பக்கமும் லெட்டர் எழுதிப் பாத்தார், எடுபடல. சரி எல்லாரும் வாங்கன்னு கி.பி. 325ல நிசேயாவுக்கு கூப்பிட்டார். இப்போ துருக்கியில இஸ்னிக்னு பேரு, ஏரிக்கரையில இருக்கிற ஊரு. பிஷப்புகளுக்கு அரசாங்க வண்டி, அரசாங்க செலவு. கொஞ்ச வருஷம் முன்னாடி இதே அரசாங்கத்துக்கிட்ட அடி வாங்கினவங்க, கண்ணு போனவங்க, கால் நரம்பு வெட்டுப்பட்டவங்க எல்லாம் அரண்மனை மண்டபத்துல ராஜாவுக்கு பக்கத்துல உக்காந்திருக்காங்க, அந்தக் காட்சிய நினைச்சுப் பாருங்க. எத்தனை பேர் வந்தாங்கங்கிறதுக்கு பாரம்பரியமா சொல்ற எண்ணிக்கை 318. ஆதியாகமம் 14ல ஆபிரகாம் கூட்டிட்டுப் போன ஆளுங்களும் 318 பேர், அதுக்கு ஏத்த மாதிரி பிற்பாடு சேர்ந்த எண்ணா இருக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா 250க்கு மேலன்னு கூட்டத்துல நேர்ல இருந்த செசரியா ஊர் பிஷப் யூசேபியுஸ் எழுதி வச்சிருக்கார். பெரும்பாலும் கிழக்குப் பக்கத்து ஆளுங்கதான், ரோம் பிஷப் சில்வெஸ்டர் வரல, ரெண்டு குருக்கள மட்டும் அனுப்பி வச்சார்.

இந்த இடத்துல ஒரு விஷயத்த கிளியர் பண்ணிடுறேன், வாட்ஸ்அப்ல இது சுத்திட்டே இருக்கு. "நிசேயாவுலதான் ஓட்டு போட்டு ஏசுவ கடவுள் ஆக்கினாங்க", "அங்கதான் பைபிள்ல எந்தப் புத்தகம் இருக்கணும்னு முடிவு பண்ணாங்க". ரெண்டும் தப்பு. பைபிள் புத்தகங்கள பத்தி அந்த கவுன்சில் முடிவு எடுத்ததா எந்தப் பதிவும் இல்ல, அவங்க போட்ட 20 சட்டமும் நம்மகிட்ட இருக்கு, அதுல அது இல்ல. ஓட்டு போட்டு கடவுள் ஆக்கினாங்கங்கிறதும் சரி கிடையாது, ஆரியுஸ் உட்பட அங்க இருந்த எல்லாருமே ஏசுவ தெய்வீகமானவர்னுதான் சொன்னாங்க, எந்த அர்த்தத்துலங்கிறதுதான் தகராறு. கடைசியில கையெழுத்து போட மாட்டேன்னு ஆரியுஸ் கூட நின்ன பிஷப்புகள் ரெண்டே பேர், ரெண்டு பேரும் லிபியா பக்கத்துக்காரங்க.

சரி, இப்போ வாசகத்துக்கு வருவோம். ஆர்சி பூசையில சொல்ற வாசகம்: "கடவுளினின்று கடவுளாக, ஒளியினின்று ஒளியாக, உண்மைக் கடவுளினின்று உண்மைக் கடவுளாக உதித்தவர். இவர் உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்." சிஎஸ்ஐல "சிருஷ்டிக்கப்படாமல் ஜெநிப்பிக்கப்பட்டவர்"னு வரும். சின்ன வயசுல இத சொல்லும்போது எதுக்கு ஒரே விஷயத்த திருப்பித் திருப்பி சொல்றாங்கன்னு தோணும். கவிதைன்னு நினைச்சுட்டேன். கவிதை இல்ல, வக்கீல் டாகுமெண்ட். பத்திரத்துல "வாங்கவோ விற்கவோ அடமானம் வைக்கவோ"ன்னு ஒரு ஓட்டை விடாம அடுக்குவாங்கல்ல, அந்த மாதிரி.

"உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்"ங்கிறத மட்டும் எடுத்துக்கோங்க. ஒரு குயவர் பானை பண்றாரு, அவருக்கு ஒரு பிள்ளையும் பிறக்குது. பானையும் அவர்கிட்ட இருந்து வந்ததுதான், பிள்ளையும் அவர்கிட்ட இருந்து வந்ததுதான். ஆனா பானை எவ்வளவு அழகா இருந்தாலும் மண்ணுதான், குயவர் ஆகாது. பிள்ளை மனுஷன், அப்பா என்னவோ அதுவே. ஆரியுஸ் மகன பானை வரிசையில வச்சார், முதல் பானை, உலகத்துலயே உசத்தியான பானை, இருந்தாலும் பானை. கவுன்சில் இல்ல, அவர் பிள்ளை வரிசைன்னு சொல்லுச்சு. ஆனா இந்த உதாரணத்துல ஒரு ஓட்டை இருக்கு, குயவர் முந்தி, பிள்ளை பிந்தி. ஆரியுஸ் பிடிச்ச பிடியே அதுதான். அதுக்குத்தான் "ஒளியினின்று ஒளி". சூரியன் முதல்ல வந்து வெளிச்சம் அப்புறமா வந்துச்சுன்னு யாராவது சொல்ல முடியுமா, சூரியன் இருக்குன்னா வெளிச்சமும் இருக்கு, வெளிச்சம் சூரியன்ல இருந்துதான் வருது ஆனா அதுக்கு பிந்தினது இல்ல. அத்தனாசியுஸ் இந்த உதாரணத்த திரும்பத் திரும்ப சொல்லுவார். அதனாலதான் வாசகத்துல "யுகங்களுக்கெல்லாம் முன்பே தந்தையிடமிருந்து பிறந்தார்"னும் வருது. காலமே இல்லாத இடத்துல முந்தி எது பிந்தி எது?

இதுக்கு மேலயும் ஒரு வார்த்தை தேவைப்பட்டுச்சு, அதுதான் மொத்தக் கதையோட உச்சம். அத்தனாசியுஸ் எழுதி வச்சிருக்கிற ஒரு சீன் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிஷப்புகள் முதல்ல பைபிள் வார்த்தைகளையே வச்சு எழுதப் பாத்தாங்களாம், மகன் "தேவனிடத்திலிருந்து வந்தவர்"னு போடலாமான்னு கேட்டா ஆரியுஸ் பக்கத்து ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் பாத்து கண்ணடிச்சுக்கிட்டாங்களாம், "ஒத்துக்கலாம் ஒத்துக்கலாம், எல்லாமே தேவன்கிட்ட இருந்துதான வந்துச்சு"ன்னு. தேவனோட சாயல்னு போடலாமான்னா அதுக்கும் கண்ணு, மனுஷனும்தான தேவ சாயல். எந்த வசனத்தக் குடுத்தாலும் அதுக்கு அவங்க ஒரு அர்த்தம் வச்சிருக்காங்க. அப்போதான் அவங்களால ஒத்துக்கவே முடியாத ஒரு வார்த்தைய உள்ள கொண்டு வந்தாங்க: ஹோமோஊசியோஸ். கிரேக்க வார்த்தை, பைபிள்ல எங்கயும் இல்லாத வார்த்தை. ஹோமோன்னா ஒரே, ஊசியான்னா ஒண்ண அதுவா ஆக்குற அந்த உள்பொருள். ஆர்சி தமிழ்ல "தந்தையோடு ஒரே பொருளானவர்", சிஎஸ்ஐ தமிழ்ல "பிதாவோடே ஒரே தன்மையுடையவர்".

"ஒரே பொருளானவர்"னு சின்னப் பையனா கேட்டப்போ எனக்கு கடையில வாங்குற பொருள்தான் ஞாபகம் வரும், அரிசி பருப்பு மாதிரி. கொஞ்சம் பெரியவனானதும் பொருள்னா அர்த்தம்னு புரிஞ்சுது, ரெண்டு சொல்லுக்கும் ஒரே பொருள்னு தமிழ் வாத்தியார் சொல்ற மாதிரி. ரெண்டும் இல்ல. மெய்ப்பொருள், பரம்பொருள்னு சொல்றோமே, அந்தப் பொருள். உண்மையா இருக்கிற எதுவோ அது. அப்பாவும் மகனும் "கடவுள்"ங்கிற ஜாதிப்பேருக்குள்ள வர்ற ரெண்டு தனித்தனி ஆளுங்க கிடையாது, ரெண்டு பேருக்கும் இருக்கிற அந்தப் பொருள் ஒண்ணேதான் அப்படிங்கிறாங்க. இது தலைக்கு மேல போகுதுன்னா கவலைப்படாதீங்க, கையெழுத்து போட்ட பிஷப்புகள் பாதிப் பேருக்கும் அப்படித்தான் இருந்துச்சு. மேல சொன்ன யூசேபியுஸ் ஊருக்கு லெட்டர் எழுதி, நான் ஏன் இதுல கையெழுத்து போட்டேன்னா, இந்த வார்த்தைக்கு இன்ன அர்த்தம்னு விளக்கம் சொன்னாங்க, அதனால போட்டேன்னு சமாதானம் சொல்றார்.

சரி முடிஞ்சுதா? முடியல. ஆரம்பிச்சதே அப்புறம்தான். கான்ஸ்டன்டைனே கொஞ்ச வருஷத்துல மனசு மாறி ஆரியுஸ திரும்பக் கூப்பிட்டார், 337ல சாகப்போற நேரத்துல அவருக்கு ஞானஸ்நானம் குடுத்தது ஆரியுஸ் பக்கம் சாய்ஞ்ச ஒரு பிஷப்தான். அவரு மகன் கான்ஸ்டன்டியுஸ் முழுசாவே அந்தப் பக்கம். இதுக்கு இடையில அலெக்சாண்டிரியாவுக்கு பிஷப் ஆன அத்தனாசியுஸ அஞ்சு தடவை ஊரை விட்டுத் துரத்தினாங்க, மொத்தம் ஒரு 17 வருஷம் வெளியிலயே கழிச்சார். சமாதானம் பண்ணலாம்னு ஒரு நடுக் கூட்டம் வந்துச்சு, அவங்க ஹோமோஊசியோஸ்ல ஒரே ஒரு எழுத்த மட்டும் சேத்து ஹோமொயூசியோஸ்னு வச்சுக்கலாமேன்னாங்க, "ஒத்த பொருள்" (ஒத்தைன்னு அர்த்தம் இல்ல, ஒத்துப்போற, அத மாதிரியான). ஒரு எழுத்துக்கா இவ்வளவு சண்டைன்னு வெள்ளைக்காரங்க கேலி பண்ணுவாங்க, ஆனா தமிழ்ல சொல்லிப் பாத்தா நமக்கு உடனே புரியும். ஒரே வீட்டுக்காரங்கங்கிறதும் ஒத்த வீட்டுக்காரங்கங்கிறதும் ஒண்ணா? ஒரே ஆள்னா ஆள் அவன்தான், ஒத்த ஆள்னா அவன மாதிரி இன்னொருத்தன்.

அந்தக் காலத்துல ஜனங்க இதுல எவ்வளவு மூழ்கியிருந்தாங்கன்னு நிசா ஊர் கிரகோரிங்கிற பிஷப் ஒரு பிரசங்கத்துல சலிச்சுக்கிறார். கான்ஸ்டாண்டிநோபிள்ல கடைக்காரன்கிட்ட சில்லறை கேட்டா அவன் ஜெநிப்பிக்கப்பட்டவர், ஜெநிப்பிக்கப்படாதவர்னு தத்துவம் பேசுறானாம், ரொட்டி என்ன விலைன்னா பிதா பெரியவர், குமாரன் சின்னவர்ங்கிறானாம், குளிக்கத் தண்ணி ரெடியான்னா குமாரன் இல்லாமையில இருந்து வந்தவர்ங்கிறானாம். நம்மூர் டீக்கடை பெஞ்சுல எலெக்‌ஷன் நேரத்துல நடக்குமே, அச்சு அசல் அதேதான்.

இப்போ நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம். நாம சொல்ற நிசேயா பிரமாணம் 325ல எழுதின அதே வாசகம் கிடையாது. 325 வாசகம் "பரிசுத்த ஆவியையும்" விசுவாசிக்கிறோம்னு சொல்லிட்டு அத்தோட பொட்டுனு நின்னுடும், ஆவிய பத்தி ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. அதுக்குப் பின்னாடி "அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று சொல்லுகிறவர்களை" சபை சபிக்கிறதுன்னு ஒரு சாபம் வேற இருக்கும். அதுல மரியாள் பேர் இல்ல, பிலாத்தும் இல்ல, "பாடுபட்டார், மூன்றாம் நாள் எழுந்தார்", அவ்வளவுதான். இப்போ நம்ம கையில இருக்கிறது 381ல தெயோதோசியுஸ் ராஜா கான்ஸ்டாண்டிநோபிள்ல கூட்டின கவுன்சிலோட பேர்ல வர்ற வாசகம், 150 பிஷப்புகள் வந்த கூட்டம். சாபத்த எடுத்துட்டாங்க, நல்லதுதான், வாராவாரம் யாரையாவது சபிச்சுட்டு நற்கருணைக்கு போறது நல்லாவா இருக்கும்.

381க்குள்ள புதுசா ஒரு பிரச்சனை வந்திருந்துச்சு, சரி மகன் கடவுள்தான், ஆனா ஆவி? ஆவிய ஒரு வேலைக்காரத் தூதர் மாதிரி பாத்தவங்க இருந்தாங்க. அவங்களுக்கு எதிரா போட்ட வேலிதான் "ஆண்டவரும் உயிர் அளிப்பவருமான", "தந்தையோடும் மகனோடும் ஒன்றாக ஆராதனையும் மாட்சியும் பெறுகின்றார்"ங்கிற வரிகள். இதுல ஒரு சாமர்த்தியம் கவனிச்சீங்களா, ஆவி "கடவுள்"னு நேரடியா எங்கயும் சொல்லல, ஹோமோஊசியோஸ்ங்கிற வார்த்தையையும் ஆவிக்குப் போடல. சேர்ந்தே ஆராதிக்கப்படுகிறார்னு சொல்லி நிறுத்திட்டாங்க. கடவுள் இல்லாத ஒண்ண ஆராதிக்க முடியாதில்ல, நீங்களே கணக்கு போட்டுக்கோங்கன்னு விட்டுட்டாங்க. அந்தக் கூட்டத்துக்கு கொஞ்ச நாள் தலைமை தாங்கின நசியான்சு கிரகோரிக்கு (நிசா கிரகோரி இல்ல, இவரு வேற) இந்த மழுப்பல் பிடிக்கல, நேரா சொல்லுங்கப்பான்னு நினைச்சவர் அவர். வேற பல சண்டையும் சேர்ந்துக்கிச்சு, பாதியில ராஜினாமா பண்ணிட்டு கிளம்பிட்டார்.

"அவரது ஆட்சிக்கு முடிவு இராது"ன்னு ஒரு வரி வருதே, அது யாருக்கு எதிரான்னு பாத்தா மார்செல்லுஸ்னு ஒரு பிஷப்புக்கு. கடைசி நாள்ல மகனோட ஆட்சி முடிஞ்சு அவர் அப்பாவுக்குள்ள அடங்கிடுவார்ங்கிற மாதிரி அவர் பேசினார்னு குற்றச்சாட்டு. வேடிக்கை என்னன்னா அவரு நிசேயாவுல ஆரியுஸ எதிர்த்து நின்ன ஆளு, நம்ம பக்கத்து ஆளு! அந்தப் பக்கம் ஓடுற மாட்ட விரட்டுற வேகத்துல இந்தப் பக்க வேலிய மிதிச்சுட்டார்.

இப்போ பிலாத்து. தம்பி கேட்ட கேள்வி.

கிறிஸ்தவம் பரவ ஆரம்பிச்ச காலத்துலயே ஒரு கூட்டம் இருந்துச்சு, ஏசு பாக்கத்தான் மனுஷன் மாதிரி இருந்தார், நிஜத்துல உடம்பே கிடையாது, பசியும் இல்ல வலியும் இல்ல, சிலுவையில தொங்கினது ஒரு தோற்றம்தான்னு சொல்ற கூட்டம். நம்ம ஆளுங்களுக்கு இது உடனே புரியும், மாயைங்கிற வார்த்தை நம்மகிட்ட ஏற்கனவே இருக்கே. தெய்வம் வலி அனுபவிக்கிறதுங்கிறது கேவலமா பட்டவங்களுக்கு இது வசதியான விளக்கம். ரெண்டாம் நூற்றாண்டு ஆரம்பத்துலயே அந்தியோக்கியா ஊர் பிஷப் இஞ்ஞாசியுஸ் இவங்கள எதிர்த்து எழுதின லெட்டர்கள்ல, ஏசு "மெய்யாகவே" பிறந்தார், "மெய்யாகவே" பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டார்னு அந்த மெய்யாகவேங்கிறத போட்டு அழுத்துவார். அப்பவே பிலாத்து பேரு வந்தாச்சு பாத்தீங்களா?

ஏன் அந்தப் பேரு? நம்ம கோயில் கல்வெட்டு எப்படி ஆரம்பிக்கும்? இன்ன தேவர்க்கு யாண்டு இத்தனையாவதுன்னு ராஜா பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கும். ராஜா பேரச் சொல்றது அவர கும்பிட இல்ல, தேதி குறிக்க. எங்கயோ ஒரு ஊர்ல ஒரு காலத்துல நடந்த கதை இல்ல, இன்ன ஆள் அதிகாரத்துல இருந்தப்போ இன்ன இடத்துல நடந்துச்சுன்னு சொல்ல. தமிழ் வாசகத்துலயே "பொந்தியு பிலாத்தின் காலத்தில்"னுதானே வருது. பிலாத்து யூதேயாவுக்கு ரோம அதிகாரியா இருந்தது கி.பி. 26ல இருந்து 36 வரைக்கும். கல்வெட்டுன்னு சொன்னேன்ல, 1961ல செசரியா துறைமுக ஊர்ல பழைய நாடக அரங்கத்த இத்தாலிக்காரங்க தோண்டினப்போ நிஜமாவே ஒரு கல்வெட்டு கிடைச்சுது, யூதேயாவின் அதிகாரின்னு பிலாத்து பேரு வெட்டின சுண்ணாம்புக் கல். படிக்கட்டுக்கு கல்லா திருப்பிப் போட்டு வச்சிருந்தாங்க. அப்படிப்பட்ட ஒரு சாதாரண அரசாங்க அதிகாரி பேரு, அவன் எதிர்பார்க்காத விதத்துல, கோடிக்கணக்கான பேர் வாயில உலகம் முழுக்க வந்துட்டு இருக்கு.

மரியாள் பேரும் இதே வேலையத்தான் செய்யுது. ஒரு அம்மா வயித்துல இருந்து வந்தவர், ஒரு அதிகாரி கையெழுத்துல செத்தவர். உள்ள வந்ததுக்கு ஒரு சாட்சி, வெளிய போனதுக்கு ஒரு சாட்சி. ஆர்சி பூசையில "உடல் எடுத்து மனிதர் ஆனார்"ங்கிற இடம் வரும்போது தலைகுனிவாங்க, கிறிஸ்துமஸ் அன்னைக்கு முழங்காலே போடுவாங்க, அந்த வரிக்கு மட்டும்.

இன்னும் ஒரே ஒரு சண்டை பாக்கி, அத விட்டா கட்டுரை முடியாது. ஆவி "தந்தையிடமிருந்தும் மகனிடமிருந்தும் புறப்படும்"னு ஆர்சியும் சிஎஸ்ஐயும் சொல்றோம். 381 கிரேக்க வாசகத்துல "மகனிடமிருந்தும்" கிடையாது, தந்தையிடமிருந்து மட்டும்தான். ஐரோப்பாவோட மேற்குப் பக்கம், ஸ்பெயின் மாதிரி இடத்துல ஆரியுஸ் கட்சி இன்னும் பலமா இருந்ததால மகனோட மதிப்ப இன்னும் தூக்கணும்னு அந்த ஒரு சொல்ல சேத்தாங்க, அப்படியே பரவிடுச்சு. ரோம்ல மூணாம் லியோ பாப்பரசர் கருத்து சரிதான் ஆனா பழைய வாசகத்துல கை வைக்காதீங்கன்னு சொல்லி, அந்தச் சொல் இல்லாத வாசகத்த வெள்ளித் தகட்டுல வெட்டி வைக்கச் சொன்னார். 200 வருஷம் போச்சு, 1014ல ரோம்லயே சேத்துட்டாங்க. கிழக்குப் பக்கத்து கிரேக்கச் சபைக்காரங்களுக்கு கோபம், எங்ககிட்ட கேக்காம நீங்களா எப்படி சேக்கலாம்னு. 1054ல சண்டை முத்தி ரோம்ல இருந்து போன தூதர் அவங்கள சபையில இருந்து விலக்கி ஒரு கடிதம் வச்சுட்டு வந்தார், அதுல ஒரு குற்றச்சாட்டு என்னன்னா, நீங்க அந்தச் சொல்ல வாசகத்துல இருந்து நீக்கிட்டீங்கன்னு! சேத்தது இவங்க. சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. இன்னைக்கும் கேரளாவுல ஆர்த்தடாக்ஸ் சிரியன் சர்ச்சுக்கு போனீங்கன்னா அந்தச் சொல் இல்லாமத்தான் சொல்லுவாங்க, காது குடுத்துக் கேளுங்க.

"கத்தோலிக்க திரு அவை"ன்னு வர்றதுக்கு மட்டும் ஒரு வரி: கிரேக்கத்துல கத்தோலிக்கன்னா முழுமைக்கும் உரியது, பொதுவானதுன்னு அர்த்தம், அதத்தான் சிஎஸ்ஐயில "பொதுவான சபை"ன்னு சொல்றோம். ரெண்டு பக்கமும் இத வச்சு சண்டை போடுற மாமா சித்தப்பாக்கள் எல்லா வீட்லயும் உண்டு.

தம்பிக்கு இவ்வளவையும் ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னேன். பொறுமையா கேட்டான், பாதியில ரெண்டாவது டீ சொன்னான். கடைசியா போன்ல அந்த வாசகத்த எடுத்துக் காட்டச் சொல்லி மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சான். படிச்சுட்டு, "அண்ணே, நம்புகிறேன் நம்புகிறேன்னே வந்துட்டு இருந்துச்சு, கடைசி வரியில வேற வார்த்தை இருக்கே"ன்னான். நான் எட்டிப் பாத்தேன். "இறந்தோரின் உயிர்ப்பையும் வரவிருக்கும் மறு உலக வாழ்வையும் எதிர்பார்க்கிறேன்." கிரேக்கத்துலயும் அப்படித்தானான்னு அப்புறம் வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தேன், அங்கயும் அந்த இடத்துல வினைச்சொல் மாறுது, வழி பாத்துக்கிட்டு இருக்கோம்ங்கிற மாதிரி. இத்தனை வருஷமா சொல்றேன், கவனிச்சதே இல்ல.